உஷார்! பார்க்காவிட்டாலும் காசு போகும்

கேபிள்காரருக்கு ஒரு மாதம் பணம் கட்டாமல் இருந்து பாருங்கள். சொன்ன தேதி தாண்டியதும் பாக்ஸ் கட் ஆகும், சீரியல் பாதியில் நிற்கும், வீட்டில் சண்டை வரும், நீங்களே ஓடிப்போய்க் கட்டிவிட்டு வருவீர்கள். ஓடிடியில் எல்லாம் தலைகீழ். நீங்கள் பார்க்காவிட்டாலும், பாஸ்வேர்டை மறந்துவிட்டாலும், ஆப்பையே போனிலிருந்து தூக்கிவிட்டாலும், தேதி வந்தால் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். ‘கேபிளை கட் பண்ணிட்டோம், மாசம் முந்நூறு ரூபா மிச்சம்’ என்று சந்தோஷப்படும் பல வீடுகள் இந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. முன்பு காசு கேட்டு ஆள் வாசலுக்கு வந்தார். இப்போது கேட்பதே இல்லை, எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கச் சொல்லி அனுமதி கொடுத்ததும் நாம்தான்.

எப்படிக் கொடுத்தோம்? ஒரு ரூபாய் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம்: மாமியார் மருமகளை வாசலுக்குத் தள்ளுகிறார், அடுத்து என்ன என்று பார்க்க ‘ஒரே ஒரு ரூபாய், ஏழு நாள்’. தொட்டதும் யுபிஐ ஆப் திறக்கிறது. மேலே பெரிய எழுத்தில் 1 ரூபாய். கீழே சாம்பல் நிறத்தில், மூக்குக் கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், வேறு சில வரிகள்: அதிகபட்சத் தொகை சில நூறு ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிவடையும் தேதி பல வருடம் தள்ளி. ஒரு ரூபாய்தானே என்று பின் நம்பரை அடிக்கிறீர்கள். அந்த பின் நம்பர் ஒரு ரூபாய்க்கானது அல்ல. தவணைதோறும் பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுக்கும் அனுமதி அது, பெயர் மேண்டேட். எட்டாம் நாள் முழுத் தொகையை எடுக்க உங்களை யாரும் மறுபடி கேட்க வேண்டியதில்லை.

கேட்கவே வேண்டாமா? ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் தானாகப் பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் நடைமுறையில் உள்ளன. முதல் தடவை ஓடிபியோ பின்னோ கட்டாயம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும், வேண்டாம் என்று நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை இரண்டாம் முறையிலிருந்து ஓடிபி கிடையாது. முதலில் 5,000 ஆக இருந்த வரம்பை 2022 ஜூனில் உயர்த்தினார்கள். எந்த ஓடிடியும் 15,000 கேட்கப்போவதில்லை. ஆகவே நமக்கும் அந்தப் பணத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு எஸ்எம்எஸ். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். ஆப்பின் பெயருக்குப் பதில் அதை நடத்தும் ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் பெயரும் இருக்கலாம். லோன் விளம்பரம், ரம்மி விளம்பரம் எல்லாவற்றுக்கும் நடுவில் அது யார் கண்ணில் படும்?

இப்படிச் சந்தாவில் சிக்க வைப்பது முறையற்றது என்று அரசாங்கமே சொல்லியாயிற்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று சந்தாப் பொறி: ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பது, ரத்து செய்வதைச் சுற்றி வளைப்பது, இலவசச் சந்தாவுக்குக்கூட ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவது. ‘இலவசம்’ என்று சொல்லாமல் ‘ஒரு ரூபாய்’ என்று போடுவது இதிலிருந்து நழுவத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று. போனிலிருக்கும் ஒவ்வொரு யுபிஐ ஆப்பையும் திறந்து, ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். உங்களுடையதை மட்டுமல்ல, அப்பா, அம்மா போனையும். அடுத்து ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதி. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும். கார்டு கொடுத்திருந்தால் வங்கியின் இணையதளம் அல்லது ஆப்பில் பாருங்கள். எந்த வழியில் பணம் கட்டச் சம்மதித்தீர்களோ அங்கே போய் ரத்து செய்யுங்கள். ஆப்பை நீக்குவது ரத்து ஆகாது. இதை நூறு முறை சொன்னாலும் போதாது.

அடுத்த ஆபத்து ‘ஃப்ரீ’. பைபர் போட்டால் பத்துப் பதினைந்து ஓடிடி இலவசம் என்று நோட்டீஸ் வருகிறது. 599 என்று போட்டிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு உங்கள் கையைவிட்டுப் போவது 706 ரூபாய் 82 காசு. சரி, அந்த ஓடிடிகள்? எது டிவியில் ஓடும், எது போனில் மட்டும் ஓடும் என்று கேளுங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளான் போன், டேப்லெட்டோடு சரி, டிவியில் வராது. ரீசார்ஜோடு ஒட்டி வரும் சந்தாக்களில் இந்த ‘மொபைல்’ என்ற வார்த்தை மூலையில் உட்கார்ந்திருக்கும். 55 இஞ்ச் டிவி வாங்கி மாட்டிய பிறகு அது கண்ணில் பட்டு என்ன பயன்? பைபர் போடாமல் போன் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டலாம் என்பவர்களுக்கு: எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி டேட்டா இடைவேளைவரைகூடத் தாங்குமா என்பது சந்தேகம்.

வீட்டில் அப்பத்தா இருந்தால் கணக்கு இன்னும் சிக்கல். சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட். விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழுக்கு ஜீ5. ஒரே ரிமோட்டில் நம்பரை அமுக்கி மாற்றிக்கொண்டிருந்தவருக்கு இப்போது மூன்று ஆப், மூன்று சந்தா, மூன்று பாஸ்வேர்ட். “டேய், எட்டு மணி நாடகம் போடுடான்னா யாரு பாக்குறீங்கன்னு கேக்குதே, நான்தான்னு சொல்லுடா” என்று ப்ரொஃபைல் பக்கத்தைப் பார்த்து அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பேரன் டியூஷன் போயிருந்தால் அன்றைக்கு நாடகம் இல்லை. உள்ளூர் கேபிள் சேனலில் ஓடும் தேர்த் திருவிழாவும், துக்கச் செய்தியும், தண்ணீர் வராது என்ற நகராட்சி அறிவிப்பும் எந்த ஓடிடியிலும் வராது. பெரியவர்களுக்கு இது சின்ன இழப்பு இல்லை.

இன்றைய விலையை வைத்துக் கணக்குப் போடுவதும் தப்பு. 2016இல் அமேசான் பிரைம் இங்கே அறிமுகமானபோது வருடத்துக்கு 499 ரூபாய். பிறகு 999. 2021 டிசம்பரில் 1,499. ஐந்தே வருடத்தில் மூன்று மடங்கு. 2025 ஜூனிலிருந்து அதில் விளம்பரமும் வருகிறது, விளம்பரம் வேண்டாம் என்றால் வருடத்துக்கு இன்னொரு 699. விளம்பரத் தொல்லை தாங்காமல் கேபிளை விட்டு ஓடியவர்கள் பணம் கட்டி விளம்பரம் பார்க்கிறார்கள்! கிரிக்கெட் கதை இதைவிட ருசி. ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான டிஜிட்டல் உரிமைக்கு, ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18 கொடுத்த தொகை 23,758 கோடி ரூபாய். 2023, 2024 இரண்டு சீசனும் ஜியோசினிமாவில் இலவசம். ஊரே போனில் பார்த்துப் பழகியது. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. அந்த சீசனில் கொஞ்ச நேரம் இலவசம், பிறகு சந்தா அல்லது குறிப்பிட்ட ரீசார்ஜ். அவ்வளவு கோடியைக் கொட்டியவர்கள் தர்மத்துக்கு ஓட்டுவார்கள் என்று நாம்தான் நம்பினோம்.

பாஸ்வேர்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் அடிபட்டுவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் அதை நிறுத்தியது: ஒரு கணக்கு, ஒரு வீடு. சந்தா இருந்தால் எல்லாமே இருக்கும் என்பதும் இல்லை. எச்பிஓ தொடர்களுக்காக ஹாட்ஸ்டாருக்கு வருடச் சந்தா கட்டியவர்களுக்கு 2023 மார்ச் 31ஆம் தேதியோடு அவை காணாமல் போயின. சில வாரத்தில் ஜியோசினிமாவில் முளைத்தன. பிரைம் வீடியோவில் சில படங்களின் மேல் மஞ்சள் நிறத்தில் சின்னப் பை ஒன்று இருக்கும். பார்த்திருக்கிறீர்களா? அந்தப் படம் உங்கள் சந்தாவில் சேராது, தனி வாடகை. வாடகை கட்டினால் 30 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் வழக்கமாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கார்டு ஏற்கனவே பதிந்திருந்தால் வாண்டு ரிமோட்டில் இரண்டு தட்டு தட்டினாலே வாங்கிவிடும். வாங்குவதற்கு பின் நம்பர் கேட்கும்படி செட்டிங்கில் இன்றே மாற்றிவையுங்கள்.

இத்தனை சந்தா எதற்கு, ஒரே பாக்ஸில் எல்லாம் வரும் என்று ஆன்லைனிலும் எலெக்ட்ரானிக்ஸ் சந்துகளிலும் ஒன்று விற்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் உண்மையிலேயே பயப்படுகிறேன். பெயர் தெரியாத கம்பெனி, மலிவு விலை, ‘லைஃப்டைம் ஃப்ரீ’. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பேட்பாக்ஸ் 2.0 என்ற, வைரஸ் ஏறிய கருவிகளின் வலையைப் பற்றி எச்சரித்தது. மலிவான ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்களில் வாங்கும்போதே வைரஸ் இருக்கிறது, அல்லது முதல் முறை இயக்கும்போது இறங்கும் ஆப்களில் வருகிறது. அடுத்த மாதமே கூகுள் அந்த வலையை நடத்துபவர்கள் மீது வழக்குப் போட்டது. மாட்டிய கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்றது. அந்த பாக்ஸ் படத்தை ஒழுங்காகத்தான் காட்டும். பின்னால், யாரோ செய்யும் மோசடி உங்கள் வீட்டு இணைப்பு வழியாகப் போகும். போலீஸ் தேடினால் கிடைப்பது உங்கள் முகவரி. அதே வைஃபையில்தான் உங்கள் வங்கி ஆப்பும் இருக்கிறது. கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லும் எந்தப் பாக்ஸும் வேண்டாம். ஏற்கனவே வீட்டில் இருந்தால் கழற்றுங்கள். விலை போச்சே என்று பார்க்காதீர்கள்.

புதிதாக மாறுகிறவர்கள் மாட்டும் இடம் இன்னொன்று. டிவியில் ஆப்பைத் திறந்து உள்ளே நுழையும்போது ஒரு குறியீடு தோன்றும், அதை ஒரு இணையதளத்தில் போடச் சொல்லும். அந்த முகவரியை அப்படியே டைப் செய்யாமல் தேடிப் பார்த்தால் மேலே வருவது போலிப் பக்கமாக இருக்கலாம். அதில் குறியீட்டைப் போட்டால் ‘பிழை, கஸ்டமர் கேரை அழைக்கவும்’ என்று ஒரு நம்பர். எடுப்பவர் நல்ல தமிழில், “அக்கா, பதற்றப்படாதீங்க, ஆக்டிவேஷன் சார்ஜ் மட்டும் கட்டுங்க” என்பார், அல்லது திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார். ஆக்டிவேஷன் கட்டணம் என்று பெரிய ஓடிடி எதிலும் தனியாக ஒன்று கிடையாது. திரையைப் பகிர்ந்தால் உங்கள் ஓடிபி அவருக்கும் தெரியும். ரீஃபண்ட் வாங்க பின் நம்பர் அடிக்கச் சொன்னால் அது உங்கள் பணம் வெளியே போவதற்கான பின், உள்ளே வருவதற்கு பின் தேவையே இல்லை.

அப்படியானால் கேபிளையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? வேண்டாம். மாறுங்கள், ஆனால் ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு, வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். செய்திக்கு மட்டும்தான் டிவி என்றால் புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாக வருகின்றன, சந்தா தேவையில்லை. கேபிள் பில் அதிகம் என்பதுதான் குறை என்றால் அதையே குறைக்கலாம். 2019 பிப்ரவரியில் வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) முறைப்படி வேண்டிய சேனலை மட்டும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. யாரும் பார்க்காத பேக்குகளை எடுக்கச் சொல்லிக் கேபிள்காரரிடம் கேளுங்கள், முனகினாலும் செய்வார். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை. ஆனால் அப்பத்தாவின் சேனல் அதில் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டு டிஷ்ஷை வாங்குங்கள். ஓடிடியில் வருடச் சந்தாவுக்குப் பாயாமல் ஒரு மாதம் மட்டும் எடுத்து, எடுத்த அன்றே ஆட்டோபேயை அணைத்துவிடுங்கள். வழக்கமாக அந்த மாதம் முடியும்வரை படம் ஓடும். கேபிளை விடுவது என்று முடிவானால் பாக்ஸ் வாடகையா, சொந்தமா, டெபாசிட் உண்டா என்று கேட்டு, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிவிடுங்கள்.

ஏற்கனவே பணம் போயிருந்தால் வரிசை முக்கியம். முதலில் மேண்டேட்டை ரத்து செய்து அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆப்பிடம் ரீஃபண்ட் கேளுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். போலி கஸ்டமர் கேரிடம் ஏமாந்திருந்தால் யாரிடமும் வாதாடிக்கொண்டிருக்காமல் நேரே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள், கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி. ரீஃபண்ட் வரட்டும், பிறகு ரத்து செய்யலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த தவணைத் தேதி வந்துவிடும்.