இரண்டு பிளாஸ்மா, ஒரே கணக்கு

உயிரியல் ஆசிரியர் வருகிறார். "இரத்தத்தில் பாதிக்கும் மேல் பிளாஸ்மா" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிறார். அடுத்த பாடவேளையில் இயற்பியல் ஆசிரியர் வந்து, "சூரியன் முழுக்கப் பிளாஸ்மா" என்கிறார். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்கிறது. "அப்படின்னா சூரியன்ல இருக்கிறதுதான் நம்ம உடம்புலயும் ஓடுதா சார்?" வகுப்பே சிரிக்கிறது. "அது வேற, இது வேற, உட்காரு" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அது வேறு, இது வேறு என்பது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அந்தக் கேள்வியை இன்னும் பத்து நிமிடம் வகுப்பில் உலவ விட்டிருந்தால், இரண்டு பாடங்களுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கதவு திறந்திருக்கும்.

குழாயில் தெரியும் மஞ்சள்

உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் இரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால், அது அடுக்கடுக்காகப் பிரியும். அடியில் சிவப்பணுக்கள். அதன்மேல் மெல்லிய வெள்ளைப் படலமாக வெள்ளையணுக்களும் தட்டணுக்களும். எல்லாவற்றுக்கும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் பிளாஸ்மா. இரத்தத்தின் கன அளவில் ஏறக்குறைய 55 விழுக்காடு அது.

அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். மிச்சத்தில் அல்புமின், குளோபுலின், ஃபைப்ரினோஜன் ஆகிய புரதங்கள், சர்க்கரை, ஹார்மோன்கள், உப்புகள். அல்புமின் நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. குளோபுலின்களில் ஒரு பகுதி நோய்களை எதிர்க்கிறது. ஃபைப்ரினோஜன் காயம் பட்ட இடத்தில் இழைகளாகி இரத்தத்தை உறைய வைக்கிறது.

டெங்கு வந்தால் வீட்டில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். மருத்துவரோ அதே அளவு கவலையோடு வேறொன்றையும் பார்க்கிறார்: நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிகிறதா என்று. கசிந்தால் குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகும், இரத்த அழுத்தம் சரியும். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் இந்த ஆபத்து அதிகம். பாம்புக்கடிக்குப் போடும் நச்சுமுறி மருந்தும் பிளாஸ்மாவிலிருந்தே வருகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் பிளாஸ்மாவில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அதற்கான நஞ்சைக் கொடுப்பவர்களில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் முக்கியமானது. 1978 முதல் இயங்கிவருகிறது.

சூடும் வெறுமையும்

இனி மேலே பார்ப்போம். வாயுவைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான்களை இழக்கின்றன. எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் நேர் மின்னூட்டம் கொண்ட அயனிகளும் தனித்தனியே அலையும் அந்தக் கலவைதான் இயற்பியலின் பிளாஸ்மா. திட, திரவ, வாயு நிலைகளுக்கு அடுத்த நான்காம் நிலை. சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ். மேற்பரப்பில் 5,500 டிகிரி. அதற்கும் வெளியே உள்ள ஒளிவட்டத்தில் மறுபடியும் 10 லட்சம் டிகிரிக்கு மேல்.

எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும்? இதற்குச் சமன்பாடு கொடுத்தவர் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா. ஆண்டு 1920. விண்மீன்களின் நிறமாலையைப் படித்து அவற்றின் வெப்பநிலையைச் சொல்ல வழி திறந்தது அந்தச் சமன்பாடுதான். சூடு மட்டும் போதாது, அடர்த்தி குறைவாக இருந்தால் பிரிந்தவை மீண்டும் சேர வாய்ப்புக் குறைவு என்பதையும் அது காட்டியது. பிளாஸ்மாவைத் தேடி வானத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும், வெல்டிங் பொறியில் மின்னுவதும், சுமார் 30,000 டிகிரி வரை கொதிக்கும் மின்னல் கீற்றும் பிளாஸ்மாதான்.

சூரியனிலிருந்து நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிளாஸ்மா ஓயாமல் வீசுகிறது. இதுதான் சூரியக் காற்று. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று இதை அளப்பதும் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் வேலைகளில் ஒன்று. அது 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டது. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டர் சூரியக் காற்றில் இருப்பது ஐந்தாறு அயனிகள்தான். அதே அளவு இரத்தப் பிளாஸ்மாவில் இருக்கும் சோடியம் அயனிகளை மட்டும் எண்ணினால் 8 என்று எழுதி, பின்னால் 19 சுழியங்கள் போட வேண்டும். இந்த ஒப்பீட்டை மாணவர்களே கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும். "வேற வேற" என்பதன் முழு அர்த்தம் அப்போது விளங்கும்.

பெயர் சூட்டியவர்

இவ்வளவு தூரம் விலகிய இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மூர். 1920-களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில், வாயுக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயின் நடுவே ஒளிரும் வாயு, வேகமான எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமந்து செல்வதைக் கண்டதும், இரத்த அணுக்களைச் சுமக்கும் இரத்தப் பிளாஸ்மா அவர் நினைவுக்கு வந்தது என்று உடன் பணியாற்றிய ஹரால்ட் மாட்-ஸ்மித் பின்னாளில் எழுதினார். 1928-ல் லாங்மூரின் ஆய்வுக் கட்டுரையில் அந்தப் பெயர் அச்சேறியது. அதன்பின் மருத்துவ இதழ்கள் கட்டுரைப் படி கேட்டுத் தொல்லை கொடுத்ததையும் மாட்-ஸ்மித் பதிவு செய்திருக்கிறார். நம் கடைசி பெஞ்சு மாணவனுக்கு வந்த குழப்பம் அந்த இதழாசிரியர்களுக்கும் வந்திருக்கிறது!

பிளாஸ்மாவை அளக்க லாங்மூர் வடிவமைத்த கம்பி இன்றும் விண்ணில் பயன்படுகிறது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 தரையிறங்கியபோது, அதன் விக்ரம் தரையிறங்கு கலத்தில் இருந்த லாங்மூர் கருவி நிலவின் தென்துருவப் பகுதியில் தரையை ஒட்டிய பிளாஸ்மாவை அளந்தது. ஒரு கன மீட்டரில் 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் வரை என்று இஸ்ரோ அறிவித்தது.

மறைக்கும் கூட்டம்

பெயர் இப்படி ஒரு சாயலைப் பார்த்து வந்தது. ஆனால் உண்மையான உறவு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பிளாஸ்மாவிலும் மின்னூட்டங்கள் பிரிந்து அலைகின்றன. விண்ணில் அவற்றைப் பிரித்து வைப்பது சூடும் வெறுமையும். இரத்தத்தில் பிரித்து வைப்பது தண்ணீர். சோடியம், குளோரைடு அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு ஒன்றுசேர விடாமல் வைக்கின்றன. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டுமே நடுநிலை.

இப்படிப்பட்ட கலவையில் ஒரு நேர் மின்னூட்டத்தை வைத்தால் என்ன ஆகும்? சுற்றியுள்ள எதிர் மின்னூட்டங்கள் அதை நெருங்கிவந்து சூழும். திருவிழாக் கூட்டத்துக்குள் ஒரு நடிகர் வந்துவிட்டால், மொய்த்து நிற்பவர்களைத் தாண்டி வெளியே இருப்பவருக்கு அவர் தெரிய மாட்டார் அல்லவா? அதுபோல, குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் அந்த மின்னூட்டத்தின் செல்வாக்கு மங்கிவிடும். அந்தத் தூரத்துக்கு டெபை நீளம் என்று பெயர். சூரிச்சில் அறிவியலாளர்கள் பீட்டர் டெபையும் எரிக் ஹுக்கலும் 1923-ல் இந்தக் கணக்கைப் போட்டது உப்புக் கரைசலுக்காக. அதைத்தான் பின்னர் பிளாஸ்மா இயற்பியல் எடுத்துக்கொண்டது. சூரியக் காற்றில் அந்த நீளம் சுமார் 10 மீட்டர். இரத்தத்தில் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அளவுகள் எட்டாத் தொலைவில் இருந்தாலும் சமன்பாடு ஒன்றே.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. அதனால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உடலில் அழற்சி வந்தால் பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் கூடுகிறது. அந்த நீளமான புரதம் விலக்கத்தை மீறி அணுக்களை ஒட்ட வைக்கிறது. ஒட்டியவை கனத்து வேகமாக அடியில் இறங்குகின்றன. ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பதுதான் பரிசோதனைச் சீட்டில் நாம் காணும் ஈ.எஸ்.ஆர்.

இரத்த வங்கியில் இன்னொரு சான்று கிடைக்கிறது. கொடுப்பவர் இரத்தமும் பெறுபவர் இரத்தமும் பொருந்துமா என்று பார்க்கும்போது, உப்பு குறைந்த லிஸ் என்ற கரைசலைச் சேர்ப்பது உண்டு. உப்பு குறைந்தால் மறைக்கும் அயனிகளும் குறைகின்றன. எதிர்ப்பொருளும் சிவப்பணுவும் ஒன்றையொன்று சீக்கிரம் உணர்ந்து சேர்கின்றன. சாதாரண உப்பு நீரில் அரைமணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டிய சோதனை பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிறது. டெபையின் கணக்கு ஓர் உயிரைக் காக்க நேரம் சேமித்துத் தருகிறது.

வகுப்பில் செய்து பார்க்க

காய்ச்சி வடித்த நீர் வழியே 9 வோல்ட் பேட்டரி, மின்தடை, எல்.இ.டி. ஆகியவற்றை இணைத்தால் விளக்கு எரியாது. லிட்டருக்கு 9 கிராம் வீதம் உப்பைக் கலந்தால் எரியும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் இருப்பதும் இதே அளவு உப்புதான். சில நொடிகளில் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும், காற்றோட்டமான அறையில் செய்ய வேண்டும். இரத்தத்தை வகுப்பில் கையாள வேண்டாம். அதற்கு இரத்த வங்கிக்கு ஒரு நடை போய் வருவதே சரி.

விண் பிளாஸ்மாவுக்கு மத்திய அலை வாங்கும் பழைய ரேடியோ போதும். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி அடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கின் எலக்ட்ரான்கள் அயனிகளோடு சேர்ந்து மறைகின்றன. இரவில் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் தொலைதூர நிலையங்களைக் கொண்டுவருகின்றன. பகலில் கிடைத்த நிலையங்களையும் இரவில் கிடைத்தவற்றையும் மாணவர்கள் பட்டியலிட்டால் தலைக்கு மேலே இருக்கும் பிளாஸ்மாவை அவர்களே அளந்ததாகிவிடும்.

இரண்டு பிளாஸ்மாவும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமும் உண்டு. குடலில் கசியும் இரத்தத்தை நிறுத்த, எண்டோஸ்கோப் வழியே ஆர்கான் வாயுவைச் செலுத்தி, மின்சாரத்தால் அதைப் பிளாஸ்மாவாக்கி, திசுவைத் தொடாமலே மேற்பரப்பை உறைய வைக்கிறார்கள்.  

பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இயற்பியல் ஆசிரியரும் உயிரியல் ஆசிரியரும் ஒரே பாடவேளையில் சேர்ந்து நின்றால் போதும். தேர்விலும், பிளாஸ்மா என்றால் என்ன என்று மட்டும் கேட்காமல், உப்பு குறைந்தால் இரத்தப் பொருத்தச் சோதனை ஏன் விரைவாகிறது என்றும் கேட்கலாம். அதற்கு விடை எழுதத் தெரிந்த மாணவருக்குச் சூரியக் காற்றின் மின்னூட்டங்கள் நடந்துகொள்ளும் விதமும் பாதி புரிந்திருக்கும்.