எங்கே மடங்க வேண்டும் என்று பானட்டுக்குத் தெரியும்! உங்களுக்குத் தெரியுமா?

நேருக்கு நேர் மோதிய கார் ஒன்றின் படம் செய்தித்தாளில் வருகிறது. பானட் நடுவில் மடிந்து, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி எழும்பி நிற்கிறது. "இந்தக் காலத்துக் காரெல்லாம் வெறும் தகரம்ப்பா" என்று டீக்கடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆனால், அந்த மடிப்பு தற்செயலாக விழுந்ததே அல்ல! அந்தக் கார் வெறும் வரைபடமாக இருந்த நாளிலேயே, "மோதினால் இந்த இடத்தில், இந்தத் திசையில்தான் மடங்க வேண்டும்" என்று ஒரு பொறியாளர் முடிவு செய்து, அதற்கான பள்ளத்தைத் தகட்டில் பதித்துவிட்டார். தெரியுமா?

முதலில் கணக்கைப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். 1,200 கிலோ எடையுள்ள கார் 56 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதற்குள் சுமார் 1,45,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அந்த வேகத்தில் சுவரில் மோதுவது 12 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம்! வண்டியின் முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை விழும். அதே வண்டி 10 சென்டிமீட்டர் மட்டும் நசுங்கும் அளவுக்கு "உறுதியாக" இருந்தால்? 120 மடங்கைத் தாண்டிவிடும். அரை மீட்டர் தகடு கூடுதலாக நசுங்கியதுதான் உயிருக்கும் மரணத்துக்கும் இடையே நிற்கிறது. இத்தனையும் நடந்து முடிய ஆகும் நேரம் 77 மில்லிசெகண்ட். ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை!

இந்த ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்குபவை இன்ஜினுக்கு இரு பக்கமும் ஓடும் நீளமான இரும்புச் சட்டங்கள். பானட் விழுங்குவது கொஞ்சம்தான். அப்படியானால் பானட்டைப் பற்றி எதற்கு இத்தனை கவலை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கீழே சட்டங்கள் 60 சென்டிமீட்டர் சுருங்குகின்றன. மேலே இருக்கும் பானட்டும் அந்த 60 சென்டிமீட்டரை இழந்தாக வேண்டும். எஃகுத் தகடு எங்கே போய் மறையும்? கீழே இறங்க முடியாது, இன்ஜின் இருக்கிறது. மடங்காமல் விறைப்பாக இருந்தால் அப்படியே பின்னால் தள்ளப்படும். பின்னால் இருப்பது முன்கண்ணாடி. அதற்கும் பின்னால் ஓட்டுநரின் முகமும் கழுத்தும். கீல்கள் பிய்ந்து, ஒன்றரை மீட்டர் அகலமுள்ள எஃகு விளிம்பு ஒன்று அந்த உயரத்தில் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று எழுதவே கை நடுங்குகிறது. ஆக மிச்சம் இருப்பது ஒரே வழி: மேலே! நடுவில் மடிந்து வானத்தைப் பார்த்து எழும்ப வேண்டும். முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். பின்விளிம்பு இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது.

தகட்டை எப்படிக் கட்டளைக்குப் படிய வைக்கிறார்கள் தெரியுமா? அடுத்த முறை பானட்டைத் திறக்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே தெரியும் வழவழப்பான தகட்டுக்கு அடியில் இன்னொரு தகடு உண்டு. சட்டம் சட்டமாக மேடு தட்டி, பெரிய பெரிய ஓட்டைகளோடு இருக்கும். வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து இறுக்கியிருப்பார்கள், நடுவே ஆங்காங்கே பசைப் புள்ளிகள். அந்த உள்தகட்டின் இரு பக்கச் சட்டங்களிலும் நடுவாக்கில் ஒரு சின்னப் பள்ளம், ஒரு வெட்டு, அல்லது சட்டத்தின் உயரம் திடீரெனக் குறையும் ஓர் இடம் இருக்கும். பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். அதுதான் மடிப்பைத் தொடங்கி வைக்கும் இடம்!

எனக்கு இதில் ஆச்சரியம் தீரவே இல்லை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத தகட்டை முனையில் பிடித்து அழுத்தினால் அது எங்கே வளையும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நெளிசல், ஒரு வெல்டிங் புள்ளி, மோதும் கோணத்தில் சிறு மாற்றம், இவற்றில் ஏதோ ஒன்று அதைத் தீர்மானிக்கும். ஒரு வண்டியில் மேலே வளையும், இன்னொன்றில் பக்கவாட்டில் முறுக்கும். வேண்டுமென்றே ஒரு குறையை வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் போய்விடும். ஆயிரம் வண்டிகள் மோதினாலும் பானட் அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். நீளமான தண்டு எப்போது வளைந்து கொடுக்கும் என்று சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லெயனார்டு ஆய்லர் 1744லேயே சூத்திரம் எழுதிவிட்டார். நீளம் இரட்டித்தால் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகிவிடும் என்பது அதில் அடக்கம். அவர் காலத்தில் காரும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. இன்று பானட்டை வடிவமைப்பவர் தொடங்குவதோ அவர் எழுதிய கணக்கிலிருந்துதான்!

பள்ளம் வைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. வெளித்தகடு லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதால் அது மேலே எழும்பத்தான் விரும்பும், அதையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சில வண்டிகளில் கீலுக்குப் பக்கத்தில் கொக்கி வைத்திருக்கிறார்கள். பானட் பின்னால் நகரப் பார்த்தால் அந்தக் கொக்கி உடலோடு மாட்டிக்கொண்டு பிடித்து நிறுத்தும்.

சரி, இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள்? தெர்மாகோலை வைத்து! நிஜமாகத்தான். அமெரிக்காவில் 219ஆம் எண் பாதுகாப்பு விதி என்று ஒன்று 1970களிலிருந்து இருக்கிறது. முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதி மீது தெர்மாகோல் போன்ற நுரைப்பலகை ஒன்றை வடிவாக வெட்டி ஒட்டிவிடுவார்கள். வண்டியை மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் வரை கொண்டுபோய்ச் சுவரில் மோதவிடுவார்கள். பானட்டோ மற்ற பாகமோ அந்த நுரையில் 6 மில்லிமீட்டருக்கு மேல் பதிந்திருந்தால் வண்டி தோல்வி. 6 மில்லிமீட்டர்! ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு சுவரில் மோதும் இடத்தில் ஒரு பென்சிலின் தடிமன் அளவுக்குத்தான் விட்டுக்கொடுக்கிறது சட்டம்.

முன்பக்கம் நசுங்குவது நல்லது என்று முதலில் சொன்னவர் யார் தெரியுமா? பேலா பாரேனி. 1907இல் வியன்னாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். வண்டி எவ்வளவு விறைப்போ அவ்வளவு பாதுகாப்பு என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, "ஆட்கள் உட்காரும் அறை மட்டும் விறைப்பாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும்" என்றார். டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துக்காக 1951இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952இல் கிடைத்தது. 1959இல் வந்த மெர்சிடிஸ் 220 வரிசைக் கார்களில் அந்த யோசனை முழு வடிவம் பெற்றது. வாழ்நாளில் அவர் பெயரில் பதிவான காப்புரிமைகள் 2,500க்கும் மேல்!

அதே 1959 செப்டம்பரில், ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கனில் அந்த நிறுவனம் தன் முதல் மோதல் சோதனையை நடத்தியது. வண்டியை இழுக்க முதலில் கிளைடர் விமானங்களைப் பறக்கவிடும் வின்ச்சைப் பயன்படுத்தினார்கள். அதுவும் போதாமல், பின்னர் சுடுநீர் ராக்கெட்டைக் கட்டித் தள்ளினார்கள். வெந்நீரின் ஆவி பீய்ச்சி அடிக்க, கார் சுவரை நோக்கிப் பாயும். அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்!

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதைத் தன் உடலிலேயே சோதித்த மகான் ஒருவர் உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவில் ராக்கெட் வண்டியில் தன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டினார். 1.4 செகண்டில் நின்றார்! அவர் உடல் மீது விழுந்த உச்ச விசை புவியீர்ப்பைப் போல 46 மடங்கு. கண்களில் ரத்தம் கட்டியது, ஆனாலும் பிழைத்துக்கொண்டார். 89 வயது வரை வாழ்ந்தார். சரியாகக் கட்டிப்போட்டு, நிற்பதற்குச் சற்று நேரமும் கொடுத்தால் உடல் தாங்கும் என்று அவர் நிரூபித்தார். அந்தச் சற்று நேரத்தைத்தான் நசுங்கும் முன்பக்கம் நமக்கு வாங்கித் தருகிறது.

"பழைய வண்டிதான் கெட்டி" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏரையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மலிபுவையும் தலா 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் பாதி இடிக்கும்படி நேருக்கு நேர் மோதவிட்டது. கனத்த இரும்பும் நீண்ட மூக்கும் கொண்ட பெல் ஏரில் ஓட்டுநரின் அறையே சுருண்டுபோனது. உள்ளே இருந்தது பொம்மை, மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மலிபுவின் மூக்கு உருக்குலைந்தது, அதன் ஓட்டுநர் அறை குலையாமல் நின்றது. அங்கே காலில் சிறு காயம், அவ்வளவுதான். அந்த மோதலின் படத்தைப் பார்த்த பிறகும் யாராவது "தகரம்" என்று சொன்னால் அவரோடு நான் வாதாடவே தயார்.

இப்போதெல்லாம் ஒரு வண்டியை நிஜமாக உடைப்பதற்கு முன் கம்ப்யூட்டருக்குள் எத்தனையோ முறை உடைத்துப் பார்க்கிறார்கள். அதற்கான மென்பொருளின் மூதாதை எது தெரியுமா? அணுகுண்டு! தாழ்வாகப் பறந்து போடப்படும் குண்டு தரையில் மோதும்போது என்ன ஆகும் என்று கணக்கிட, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் 1976இல் எழுதிய டைனா3டி நிரல்தான் பின்னாளில் கார் கம்பெனிகளின் கைக்கு வந்தது. அழிக்கப் பிறந்த கணக்கு, உயிர் காக்கும் மடிப்பை வரைகிறது.

இன்னொரு அதிசயம், அந்தத் தகடே! எஃகு வெளித்தகட்டின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அச்சில் அழுத்தும்போது இளக்கமாக இருந்தால்தான் வளைவுகள் விரிசலில்லாமல் வரும். பிறகு உள்ளங்கையை ஊன்றினால் ஒடுங்காத அளவுக்குக் கெட்டியாகவும் வேண்டும். இரண்டும் எப்படி? பெயின்ட் அடித்து 170 டிகிரி அளவில் சூடான அடுப்புக்குள் அனுப்பும்போது, அந்தச் சூட்டிலேயே இறுகும்படி ஒரு வகை எஃகு செய்திருக்கிறார்கள். பெயின்ட் காயும் நேரத்தில் தகடும் பலம் பெறுகிறது!

பானட் காப்பது உள்ளே இருப்பவரை மட்டுமா? சாலையைக் கடக்கும் பாட்டியின் தலையும் அதன் மேல்தான் வந்து விழும். அடியில் இருக்கும் இன்ஜினில் தலை இடிக்காமல் இருக்க ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். 4.5 கிலோ எடையில் பெரியவர் தலை, 3.5 கிலோவில் குழந்தையின் தலை எனப் பொம்மைத் தலைகளைப் பானட் மீது பல இடங்களில் எறிந்து சோதிக்கிறார்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் அலுமினிய பானட்டின் அடியில் கூம்பு கூம்பாகக் குழிகள் பதித்தார்கள், தலை எங்கே பட்டாலும் ஒரே மாதிரி இளகிக் கொடுப்பதற்காக. 2005இல் வந்த சிட்ரோயன் சி6, ஆள் மோதியதை உணர்ந்ததும் பானட்டையே தூக்கிக் கொடுத்தது. 2012இல் வால்வோ வி40 இன்னும் ஒரு படி மேலே போனது. பானட் எழும்ப, அடியிலிருந்து காற்றுப்பை விரிந்து கண்ணாடியின் கீழ்ப்பகுதியை மூடியது. வண்டிக்கு வெளியே, நடந்து போகிறவருக்காக ஒரு காற்றுப்பை!

ரோல்ஸ் ராய்ஸின் மூக்கில் நிற்கும் அந்த வெள்ளி நிறச் சிலைகூட இடி பட்டால் உள்ளே இறங்கிவிடும்.

உள்ளேயிருந்து லிவரை இழுத்த பிறகும் பானட் முழுதாகத் திறக்காமல், விரலை விட்டு இன்னொரு கொக்கியைத் தள்ள வேண்டியிருக்கிறதே, அது எரிச்சல் தருவதற்காக வைத்ததல்ல. முதல் பூட்டு கழன்றாலும் ஓடும் வண்டியில் பானட் எழுந்து பார்வையை மறைக்கக் கூடாது என்பதற்காக, அமெரிக்கச் சட்டம் 1960களின் இறுதியிலேயே கேட்ட இரண்டாவது பிடி அது. பிஎம்டபிள்யூவின் பழைய இ30 கார்களில் கீலை முன்னால் வைத்துவிட்டார்கள். பூட்டு விட்டுப்போனாலும் எதிர்க்காற்று பானட்டை மூடிவிடும்!

இந்தச் சோதனைகள் நம் ஊருக்கும் வந்துவிட்டன. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் வண்டிகளை மோதிப் பார்க்கும் கூடம் இருக்கிறது. 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல் கார்கள் 56 கிலோமீட்டர் வேக முன்மோதல் சோதனையில் தேற வேண்டும் என்பது இந்திய விதி. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் அந்த வேகம் 64.

இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்துச் செய்த ஏற்பாட்டை ஒரே நாளில் கெடுக்கும் பொருள் ஒன்றைக் கடையில் விற்கிறார்கள் தெரியுமா? புல் பார்! பம்பருக்கு முன்னால் பூட்டும் அந்த இரும்புக் குழாய், அடியை நேராகச் சட்டத்துக்குக் கடத்துகிறது. மடங்க வேண்டியது மடங்கும் வரிசையைக் குலைக்கிறது. காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தைத் தவறவைக்கலாம். குறுக்கே வரும் மனிதருக்கு எந்த இளக்கமும் தராது. அதனால்தான் 2017 டிசம்பரிலேயே அதை அனுமதிக்கக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. உங்கள் வண்டியில் இருந்தால் இந்த வாரமே கழற்றிவிடுங்கள். அடிபட்ட பானட்டை டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தும்போது, "கெட்டியா இருக்கட்டும்" என்று உள்பக்கம் பட்டை வைத்து வெல்டிங் அடிக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பள்ளம் அடைபட்டுப்போனால், உங்கள் வண்டிக்கான அசல் பானட்டையே வாங்கி மாட்டுங்கள்.