மேகத்தில் பிறந்த மென்பொருள்

வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். அந்நாளுக்கென்று சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன, பந்தல்கள் எழுகின்றன, வெளியூர்களிலிருந்து காவலர் வருகின்றனர். திருநாள் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். ஆண்டு முழுவதும் அவ்வளவு ஏற்பாட்டையும் நிறுத்தி வைத்தால் செலவு தாங்காது; அந்த ஒரு நாளில் அவை இல்லாவிட்டாலோ மக்கள் நெரிசலில் சிக்குவர். கணிப்பொறி வழியே தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கும் இதே இக்கட்டு உண்டு. அதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்றே ‘கிளவுட் நேட்டிவ்’ என்னும் முறை. மேகத்தில் பிறந்த மென்பொருள் என்று நாம் வைத்துக்கொள்வோம்.

மேகம் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டா. மும்பை, ஐதராபாத் போன்ற நகரங்களில் பெருங்கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் கணிப்பொறிகளே அம்மேகம். வேண்டும்போது வாடகைக்கு எடுத்து, வேண்டாதபோது திருப்பித் தந்துவிடலாம். ஆனால் வாடகைக்கு எடுப்பதனாலேயே ஒரு மென்பொருள் மேகத்துக்கு உரியதாகிவிடாது. பலர் இங்கேதான் மயங்குகின்றனர்.

பழைய முறையில் மென்பொருள் ஒரே உடம்பாக இருக்கும். ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் முழுவதும் நின்றுவிடலாம். புதிய முறையிலோ ஒவ்வொரு பணியும் தனித்தனிப் பகுதியாகிறது. ஒரு பகுதி உள்நுழைபவரைச் சரிபார்க்கும். மற்றொன்று பணம் பெறும். வேறொன்று தேடித் தரும். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய துணைப்பொருள்களுடன் ஒரு பெட்டிக்குள் அடைக்கப்படுகிறது. அதனைக் கன்டெய்னர் என்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் இரும்புப் பெட்டிக்கும் அதே பெயர்தான். எந்தக் கப்பலிலும் ஏற்றலாம் என்பதே பெட்டியின் சிறப்பு.

இப்பெட்டிகளை மேற்பார்க்க ஒரு மென்பொருள் உண்டு. கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘குபர்நெட்டீஸ்’ அவ்வகையில் பெரிதும் வழங்குவது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். எனக்கோ அது ஒரு தலைமையாசிரியராகவே தோன்றுகிறது. ஓர் ஆசிரியர் வரவில்லையென்றால் பள்ளியை மூடுவதில்லை. அந்த வகுப்புக்கு வேறொருவரை அனுப்புகிறோம். என் பணிக்காலத்தில் காலைப் பொழுதில் பாதி இதிலேயே கழிந்தது. குபர்நெட்டீஸிடம், “இப்பகுதிக்குப் பத்துப் படிகள் எப்போதும் இயங்க வேண்டும்” என்று சொல்லிவைத்தால் போதும். ஒன்று நின்றுவிட்டால், எவரும் தொடாமலே அதற்கு ஈடாக மற்றொன்றை எழுப்பும். ஒரு பகுதியைத் திருத்தி அமைக்க வேண்டுமானாலும் கடையை மூட வேண்டியதில்லை. புதிய படிகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பழையவற்றை இறக்கலாம்.

முக்கொம்பை நினைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்தன, மற்றவை நின்றன. பகுதி பகுதியாக அமைவதன் பயன் அது. ஆயினும் உடைந்த இடத்தை மணல் மூட்டையும் பாறையும் இட்டு அடைக்கப் பல நாட்கள் ஆயின. மென்பொருளில் அந்த மாற்று மதகு சில விநாடிகளில் நின்றுவிடும். உவமை அவ்வளவில் நொண்டுகிறது.

இனி நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று. 2019 ஜூலை 10ஆம் நாள், உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்தை எதிர்த்துத் தோனி ஆடிக்கொண்டிருந்தார். ஹாட்ஸ்டார் வழியே ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தனர். தோனி ஆட்டமிழந்தார், கூட்டம் கலைந்தது. சுமை குறைந்ததென்றுதானே எண்ணுவீர்கள்? இல்லை. வெளியேறியவர்கள் ஒருசேர முகப்புப் பக்கத்துக்குத் திரும்பினார்கள். படத்தை அனுப்பும் பகுதியிலிருந்த நெருக்கடி, முகப்பைக் காட்டும் பகுதியின்மேல் பாய்ந்தது. கோயிலுக்குள் நுழையும் கூட்டத்தைவிட, வெளிவந்து ஒரே நேரத்தில் பேருந்தைத் தேடும் கூட்டமே கடினமானது அன்றோ?

இதனை அப்பொறியாளர்கள் முன்னரே எதிர்பார்த்திருந்தனர். செயற்கைக் கூட்டத்தைத் தாமே உண்டாக்கிச் சோதித்திருந்தனர். புதிய கணிப்பொறி விழித்தெழச் சிறிது நேரம் பிடிக்குமாதலால், கூட்டம் வந்தபின் கூட்டாமல் வருமுன்னரே கூட்டி வைத்தனர். நெருக்கடி முற்றினால் ‘உங்களுக்கு ஏற்ற படங்கள்’ என்று பரிந்துரைக்கும் பகுதியை நிறுத்திவிட்டு, ஆட்டத்தை மட்டும் காக்கவும் வழி வைத்திருந்தனர். ஒரே உடம்பான மென்பொருளில் இப்படி ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காப்பது அரிது. 2023 நவம்பர் 19 இறுதியாட்டத்தை அதே தளத்தில் ஒரே நேரத்தில் பார்த்தோர் 5.9 கோடி.

எனினும் இம்முறை எல்லார்க்கும் ஏற்றதென்று நான் சொல்ல மாட்டேன். பகுதிகள் பெருகினால் அவற்றிடையே பேச்சும் பெருகும். பழுது எங்கே என்று தேடுவதே தனி வேலையாகும். அமேசானின் பிரைம் வீடியோக் குழு ஒன்று, படத்தின் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைப் பல பகுதிகளாகக் கட்டியிருந்தது. அவற்றை ஒன்றாக்கியதில் செலவு நூற்றுக்குத் தொண்ணூறு குறைந்ததென்று 2023இல் அவர்களே எழுதினார்கள். நம் தமிழகத்துச் சோஹோ நிறுவனமும் வாடகையை நம்பாமல் சொந்தத் தரவு மையங்களையே நடத்துகிறது. ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டுக்கு இத்தனை பெட்டிகளும் சுக்கானும் எதற்கு?

கல்லூரி மாணவர்கள் குபர்நெட்டீஸை விலையின்றிப் பெற்றுத் தம் மடிக்கணினியிலேயே இயக்கலாம். ஒரு சிறு நிரலுக்கு மூன்று படிகள் வேண்டுமென்று கட்டளையிடுங்கள். பிறகு அவற்றுள் ஒன்றை நீங்களே அழித்துவிட்டு, அது மீண்டும் எழ எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.