சாப்பிடும் முன் சோப்பு எங்கே?

புது தில்லி: கரோல் பாகில் உள்ள ஒரு தமிழ் மெஸ்ஸில் மதிய உணவு வேளையில் கை கழுவும் இடத்துக்கு அருகே மேஜை கிடைத்தால், அரை மணி நேரத்தில் ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். சாப்பிட உட்காரப் போகிறவர்கள் குழாயைத் திறந்து விரல்களை நனைத்து, கையை உதறிவிட்டு வந்து அமர்கிறார்கள். சாப்பிட்டு எழுந்தவர்களோ சோப்பைத் தேடுகிறார்கள். சோப்பு கரைந்துபோயிருந்தால் கல்லாவில் இருப்பவரிடம் குறைபட்டுக் கொள்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பார் வாசனையும் போக வேண்டும் என்பதே அவர்களது கவலை. கை வழியாக வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதைவிட, உணவு கையில் எதை விட்டுச் செல்கிறது என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. தில்லியிலிருந்து சண்டீகர் செல்லும் நெடுஞ்சாலையில், முர்தலில் உள்ள தாபாக்களிலும் இதே காட்சிதான். நாடு முழுவதற்குமான கணக்கும் அரசிடமே இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்று 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்தப்பட்டது. சாப்பிடும் முன் தண்ணீருடன் சோப்போ சலவைத் தூளோ பயன்படுத்திக் கை கழுவும் குடும்பங்கள் 35.8 சதவீதம் மட்டுமே என்றும், வெறும் தண்ணீரில் கழுவுவோர் 60.4 சதவீதம் என்றும் அதில் தெரியவந்தது. கிராமப்புறங்களில் மட்டும் பார்த்தால், சோப்பு பயன்படுத்தும் குடும்பங்கள் 25.3 சதவீதம்; நகரங்களில் 56 சதவீதம். மலம் கழித்த பிறகு சோப்பு பயன்படுத்துவோர் 74.1 சதவீதம் என்பது ஓரளவு ஆறுதல் தரும் எண்.

இந்த அறிக்கை வெளியான 2019 நவம்பரில் தில்லிச் செய்தியாளர்களின் கவனமெல்லாம் மகாராஷ்டிரத்தில் விடியற்காலையில் நடந்த பதவியேற்பின் மீது இருந்தது. அறிக்கையைப் புரட்டிய சிலரும் கழிப்பறைப் பக்கத்தோடு நின்றுவிட்டனர். கிராமங்கள் அனைத்தும் திறந்தவெளி மலம் கழித்தல் அற்றவையாகிவிட்டன என்று அந்த ஆண்டு அக்டோபர் 2-ம் தேதிதான் சபர்மதியில் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் கிராமப்புறக் குடும்பங்களில் 28.7 சதவீதத்துக்குக் கழிப்பறை வசதி இல்லை என்றது இந்த ஆய்வு. பதில் சொல்பவர்கள் அரசு உதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் வசதியைக் குறைத்துச் சொல்லியிருக்கக்கூடும் என்று அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது. எதிர்க்கட்சிகளுக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது. செய்தித்தாள்களுக்குத் தலைப்பு கிடைத்தது. இச் செய்தியாளரும் அன்று கழிப்பறைக் கணக்கைத்தான் எழுதினார். கை கழுவும் அட்டவணையைப் படித்ததாக நினைவில்லை.

நான்கு மாதங்கள் கழித்து, 2020 மார்ச்சில், யாருக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் முதலில் இருமலும், பிறகு கைகளை சோப்பால் கழுவுமாறு கூறும் குரலும்தான் கேட்டன.

அந்த மாதம் 200 மில்லி லிட்டர் கிருமிநாசினியின் விலை 100 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஜூன் இறுதிவரை அது நடைமுறையில் இருந்தது. ஆனால் ஜூலையில் நிதி அமைச்சகம் வெளியிட்ட விளக்கம் வேறு குரலில் பேசியது. சோப்பைப் போலவே கிருமிநாசினியும் 18 சதவீத ஜிஎஸ்டிக்கு உரியது, வரியைக் குறைத்தால் உள்நாட்டு உற்பத்தியாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது அதன் வாதம். பிறகு 2021 ஜூனில் நான்கு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு மட்டும் கிருமிநாசினி மீதான வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சோப்புக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. கையைக் கழுவு என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே, கழுவும் பொருளுக்கு 18 சதவீதம் வசூலித்தது அரசு. 2025 செப்டம்பர் 22 முதல்தான் குளியல் சோப்புக் கட்டி 5 சதவீத வரிக்கு வந்தது. கை கழுவும் திரவ சோப்புக்கு அந்த மாற்றத்திலும் இடமில்லை. கட்டி சோப்பு ஏழைக்கு, திரவம் வசதியுள்ளவருக்கு என்ற கணக்கு இதில் இருக்கலாம். அந்த அளவில் அதைக் குறை சொல்வதற்கில்லை.

சோப்பு மட்டுமே பிரச்னையா என்றால், அதுவும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் சோப்பு இருக்கிறது. குளிப்பதற்கு இருக்கிறது, துணி துவைப்பதற்கு இருக்கிறது. சாப்பிடும் முன் அதை எடுக்கத்தான் கை நீளுவதில்லை.

தூய்மை என்பது இந்நாட்டுக்கு யாரோ வந்து கற்றுத்தர வேண்டிய சரக்கல்ல. வெளியிலிருந்து வந்தால் கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைவது, செருப்பை வாசலில் விடுவது, எச்சில் படாமல் தண்ணீரை அண்ணாந்து குடிப்பது என எத்தனையோ வழக்கங்கள் இன்றும் உள்ளன. ஆனால் அந்தத் தண்ணீர் போக்குவதாக நம்பப்படுவது தீட்டை, கிருமியை அல்ல. தீட்டு கழிய ஒரு கை நீர் போதும். கிருமி போக சோப்பும் தேய்ப்பும் வேண்டும். கையில் உள்ள எண்ணெய்ப் பசையில் கிருமிகள் ஒட்டியிருக்கின்றன. அந்தப் பசையைப் பிரித்துத் தண்ணீரோடு போகச் செய்வது சோப்பின் வேலை. கரோனா போன்று கொழுப்பு உறை கொண்ட வைரஸ்களின் உறையையே அது உடைத்துவிடுகிறது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கழுவுவதற்கு இடக்கை, உண்பதற்கு வலக்கை. எனவே வலக்கை எப்போதும் சுத்தமானது என்பதே அது. சப்பாத்தி மாவை இரண்டு கைகளாலும்தான் பிசைய வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

தீட்டுக் கண்ணோட்டத்தில் அழுக்கு என்பது பொருளில் இருப்பதைவிட மனிதரிடம் இருப்பதாகவே கருதப்படுகிறது. கழிப்பறை சுத்தம் செய்ய வருபவருக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகள் தலைநகரில் இன்றும் உண்டு. 2020-ல் தில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் பல குடியிருப்புகள் வீட்டுப் பணிப்பெண்களை வாயிலிலேயே நிறுத்தின. பின்னர் அனுமதித்தபோதும் கையில் கிருமிநாசினி தெளித்த பிறகே உள்ளே விட்டன. விமானத்தில் வெளிநாடு சென்று திரும்பிய வீட்டுக்காரர்கள் மின்தூக்கியின் பொத்தானை அழுத்திய விரலைப் பற்றி அதே அளவு அக்கறை காட்டினார்களா என்பது வேறு விஷயம்.

அந்தப் பெண்களில் பலர் வசிக்கும் இடங்களில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தெற்கு தில்லியின் சங்கம் விகார் போன்ற பகுதிகள் நெடுங்காலமாக லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியிருப்பவை. 20 விநாடி தேய்த்துக் கழுவ ஒரு முறைக்கு 2 லிட்டர் என்று கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முறை கழுவ 100 லிட்டர் வேண்டும். லாரிக்கு முன் குடங்களோடு நிற்கும் பெண்ணிடம் இந்தக் கணக்கைச் சொல்ல எவருக்கும் துணிவு வராது. கிராமப்புற வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கே ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர்தான். கை கழுவவே அதில் 20 லிட்டர் போய்விடும். அத்திட்டம் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது குழாய் இணைப்பு பெற்றிருந்த கிராமப்புற வீடுகள் 3.23 கோடி. இப்போது 15 கோடிக்கும் அதிகம் என்கிறது அரசுக் கணக்கு. இணைப்பு வேறு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது வேறு என்பதை உறுப்பினர்கள் அவையில் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர். ஆயினும் இந்த ஒரு மாற்றம், ஆயிரம் சுவரொட்டிகளைவிடக் கை கழுவும் பழக்கத்துக்கு உதவக்கூடியது என்பதில் ஐயமில்லை.

சுவரொட்டியை நம்பிப் பயனில்லை என்பதைத் தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் 2011-ல் 14 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். வீட்டினரிடம் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொள்ளாமல், வீட்டிலேயே அமர்ந்து என்ன நடக்கிறது என்று கவனித்தனர். கை கழுவ வேண்டிய முக்கிய வேளைகளில் சோப்பைத் தொட்டவர்கள் தொடக்கத்தில் ஓரிரு சதவீதமே! கணக்கெடுப்பில் நாம் சொல்லும் பதிலுக்கும் வீட்டில் செய்வதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு ஏழு கிராமங்களில் பிரசாரம் நடந்தது. அதில் கிருமி என்ற பேச்சே இல்லை. நோய் வரும், வயிற்றுப்போக்கு வரும் என்ற அச்சுறுத்தலும் இல்லை. தன் மகனை நல்ல பழக்கங்களோடு வளர்க்கும் 'சூப்பர் அம்மா' என்ற தாய் ஒரு பக்கம். அழுக்குக் கையோடு லட்டு பிடிக்கும் கோமாளி ஒருவன் மறுபக்கம். தாய்ப்பாசத்தையும் அருவருப்பையும் தூண்டின அந்த நாடகங்கள். ஆறு மாதங்களில் அக் கிராமங்களில் சோப்பு பயன்பாடு 37 சதவீதமாக உயர்ந்தது. பிரசாரம் நடக்காத கிராமங்களில் அது 6 சதவீதம். ஓராண்டுக்குப் பிறகு 29 சதவீதத்துக்கு இறங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வு முடிவு 2014-ல் வெளியானது.

லட்டுக் கோமாளியைப் பார்த்து முகம் சுளிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் இதையே சோப்பு நிறுவனங்கள் செய்தால் நமது அரசியல் விழித்துக்கொள்கிறது, விழித்துக்கொள்ளவும் வேண்டும். 2002-ல் கேரளத்தில் உலக வங்கி, யுனிசெஃப், ஹிந்துஸ்தான் லீவர் உள்ளிட்ட சோப்பு நிறுவனங்கள், மாநில அரசு ஆகியவை இணைந்து கை கழுவும் இயக்கம் ஒன்றைத் தொடங்க முயன்றன. எழுத்தறிவிலும் குழந்தை நலத்திலும் நாட்டுக்கே முன்மாதிரியான மாநிலத்துக்குப் பன்னாட்டு நிறுவனங்கள் சுத்தம் கற்றுத் தருவதா என்று வந்தனா சிவா போன்றோர் கேட்டனர். இடதுசாரிகளும் எதிர்த்தனர். முயற்சி முடங்கியது. எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானதே. எனினும் நிறுவனங்களைத் திருப்பி அனுப்பிய பிறகு, அந்தப் பணியை அரசு தன் செலவில் அதே வேகத்தோடு செய்ததா என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

அரசு விலகி நின்ற இடத்தில் விளம்பரம் வந்து நின்றது. 2013 அலாகாபாத் கும்பமேளாவில், சோப்பால் கை கழுவினீர்களா என்ற வாசகத்தைச் சோப்பின் பெயரோடு ரொட்டிகளின் மீதே சூட்டு முத்திரையாகப் பதித்துப் பரிமாறச் செய்தது அதே நிறுவனம். இப்படி 25 லட்சம் ரொட்டிகள். உத்தி சாமர்த்தியமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கிருமிகளை ஒழிக்கும் தனிச்சிறப்பு வாய்ந்த சோப்பு என்று அதிக விலைக்கு விற்கப்படுபவை சாதாரண சோப்பைவிட மேலானவை என்பதற்கு ஆதாரம் போதாது. 2016-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களை இத்தகைய சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்ததற்கும் அதுவே காரணம். வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கக்கூடியது கை கழுவும் பழக்கம் என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் கூறுகின்றன. அதற்கு மலிவான சோப்பே போதும்.

அரசுக்கும் காட்சிகளின் மீது ஆசை உண்டு. உலகக் கை கழுவும் தினமான அக்டோபர் 15-ல், 2014-ம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் 12,76,425 பேர் ஒரே நாளில் கை கழுவி கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தனர். பெரும்பாலானோர் பள்ளிக் குழந்தைகள். மறுநாள் மதிய உணவுக்கு முன் அவர்களுக்கு சோப்பு கிடைத்ததா என்பதை கின்னஸ் கேட்பதில்லை.

பள்ளியில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001 நவம்பரில். இன்று 10 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் அந்தத் தட்டில் சாப்பிடுகிறார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சில ஆண்டுகளுக்கு முன் இச் செய்தியாளர் சென்ற ஓர் அரசுப் பள்ளியில் சுவரில் கை கழுவும் படங்கள் ஆறு படிகளில் அழகாக வரையப்பட்டிருந்தன. குழாய் ஒன்றுதான். சோப்பு தலைமை ஆசிரியையின் பீரோவுக்குள் பூட்டப்பட்டிருந்தது. வெளியே வைத்தால் இரண்டே நாளில் காணாமல் போகிறது, மறுபடி வாங்கத் தனியாகப் பணம் வருவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். எடுத்துச் செல்வது குழந்தைகளே, வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று சிரித்தபடியே சொன்னார். பள்ளியில் சுமார் 180 பேர். ஆளுக்கு 20 விநாடி என்றால், அந்த ஒரே குழாயில் எல்லோரும் கை கழுவி முடிக்க ஒரு மணி நேரமாகும். உணவு இடைவேளையோ அரை மணி நேரம்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளி. ஒரு நீளக் குழாயில் எட்டுத் துளைகள் போட்டுத் திருகு பொருத்தி, தொட்டியோடு இணைத்திருந்தார்கள். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கழுவலாம். சோப்பைத் துண்டுகளாக நறுக்கி, பழைய காலுறைகளில் போட்டு முடிச்சிட்டு, ஒவ்வொரு திருகிலும் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரக் காலுறையை உள்ளங்கையில் உருட்டினால் நுரை வருகிறது. முடிச்சை அவிழ்த்து யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. காலுறைகள் யாருடையவை என்று கேட்டபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் தங்கள் கால்களைக் காட்டினார்கள்.