மாட்டிடம் இல்லாத மாட்டு வில்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனி சற்று மேலே ஏறி, மார்பெலும்பின் மேற்பகுதிக்குப் பின்னால் ஊன்றுகோலின் கைப்பிடிபோல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. அந்த வளைவுதான் பெருந்தமனி வில். அதன் மேற்புறத்திலிருந்து மூன்று கிளைகள் எழுகின்றன. முதலாவது தடித்த, குட்டையான பொதுத்தண்டு, நான்கைந்து செ.மீ. போனதும் வலக்கைத் தமனி, வலது கழுத்துத் தமனி என இரண்டாகப் பிரியும். அடுத்தது இடது கழுத்துத் தமனி. கடைசியாக இடக்கைத் தமனி. பாடநூல் காட்டும் இந்த அமைப்பு பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழெட்டுப் பேருக்குத்தான் பொருந்தும்.

காரணம் கருவிலேயே இருக்கிறது. நான்காம் வாரம் முதல், மீனின் செவுள்களுக்கு ஓடும் குழாய்களை நினைவூட்டும் வளைவுகள் இணை இணையாகத் தோன்றுகின்றன. சில நிலைக்கின்றன, சில கரைகின்றன. மூன்றாம் இணை கழுத்துத் தமனிகளாகிறது. நான்காவதில் இடப்பக்கத்தது வில்லின் ஒரு பகுதியாகவும் வலப்பக்கத்தது வலக்கைத் தமனியின் தொடக்கமாகவும் மாறுகின்றன. கரைய வேண்டியது தங்கினாலோ, தங்க வேண்டியது கரைந்தாலோ கிளைகளின் வரிசை மாறிவிடும்.

அதிகம் காணப்படும் மாற்றத்தில், இடது கழுத்துத் தமனி முதல் தண்டோடு சேர்ந்தே புறப்படும், அல்லது அந்தத் தண்டிலிருந்தே கிளைக்கும். மருத்துவர்கள் இதை ‘மாட்டு வில்’ என்கிறார்கள். பொருந்தாத பெயர். மாட்டின் வில்லிலிருந்து ஒரே பெருந்தண்டுதான் எழுகிறது. முன்னங்கால்கள் இரண்டுக்கும் கழுத்துக்கும் அதுவே கிளைவிடுகிறது. மனிதரின் மாற்றத்துக்கும் அதற்கும் ஒற்றுமை குறைவு. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னும் சிலருக்கு, இடக்கைத் தமனியில் கிளைக்க வேண்டிய முதுகெலும்புத் தமனி வில்லிலிருந்தே நேராக எழும்.

இவற்றால் பெரும்பாலோருக்குத் தொல்லை எதுவும் இல்லை. நூற்றில் ஒருவருக்கு அமையும் இன்னொரு மாற்றம் அப்படியல்ல. வலக்கைத் தமனி முதலில் பிரியாமல் கடைசிக் கிளையாக, வில்லின் இடக்கோடியில் புறப்படும். வலக்கையை எட்ட அது உடலின் நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் நுழைந்து போகிறது. சிலருக்கு அந்த இடத்தில் கவளம் சிக்கும். ஆண்டுக்கணக்கில் விழுங்கமுடியாமல் மெலிந்து இறந்த ஒரு பெண்ணின் உடலில் இந்தத் தமனியைக் கண்ட ஆங்கில மருத்துவர் டேவிட் பேஃபோர்ட், அதை இயற்கையின் விளையாட்டு என்று பொருள்படும் லத்தீன் தொடரால் குறித்தார். அவர் கட்டுரை 1794-இல் அச்சானது. ‘லுசோரியா’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததே.

வில் இரட்டையாகவே நின்றுவிட்டால் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் வளையத்துக்குள் அகப்படும். குழந்தை மூச்சு இரைக்கும். பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் 1945-இல் அத்தகைய வளையத்தை அறுத்துப் பிரித்தார்.

நோயே தராத மாற்றமும் கத்தியெடுப்பவரை ஏமாற்றலாம். வலது குரல்வளை நரம்பு வழக்கமாக வலக்கைத் தமனியின் அடியில் வளைந்து மேலேறும். லுசோரியா உள்ளவருக்கு வளைய அங்கே தமனி இல்லை. நரம்பு கழுத்திலேயே குறுக்காகப் பிரிந்து குரல்வளைக்கு நேரே போய்விடும். தைராய்டு அறுவையில் அதை வழக்கமான இடத்தில் தேடுகிறவர், தெரியாமல் வெட்டிவிடக்கூடும். வெட்டுப்பட்டால் குரல் கம்மிப்போகும்.