துணியும் காலமும் (9): மாதம் ஒரு கட்டம்

சென்ற வாரம் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் குழந்தைகளுக்குத் தூளி கட்டிய பழஞ்சேலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். தூளியின் பாரத்தையும் தாங்க மாட்டாமல் அந்தச் சேலை நடுவில் நைந்துபோன பிற்பாடு அதன் கதி என்ன என்பதை இந்த வாரம் சொல்ல வேண்டும். அதற்கு, ஈப்போவில் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இப்போது நடந்துவரும் ஒரு காரியத்திலிருந்து தொடங்குவதே சௌகரியம்.

என் அண்ணி ஒட்டுப்போர்வை ஒன்றை மாதம் ஒரு கட்டமாகக் கையாலேயே தைத்து வருகிறார். கட்டம் 12 அங்குலச் சதுரம். மாதத்துக்கு ஒரு மாதிரி. ஆண்டு முடிவில் 12 கட்டங்களையும் மூன்றுக்கு நான்காக இணைத்தால் 3 அடி அகலமும் 4 அடி நீளமும் உள்ள மேல்துணி கிடைக்கும். பெரியவர்கள் போர்த்திக்கொள்ள வேண்டுமானால் கட்டங்களுக்கு இடையே பட்டையும், நாற்புறமும் அகலமான கரையும் வைத்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும். பின்னர் அடியில் ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, மேலே இந்தச் சித்திரத் துணி என மூன்றையும் ஊடுருவித் தைத்தால் போர்வை முழுமை பெறும். இப்படித் தவணை முறையில் மாதிரிகளை வழங்கும் வழக்கத்தை வளர்த்தவை அமெரிக்கப் பத்திரிகைகள். கேன்சஸ் சிட்டி ஸ்டார் என்ற நாளேடு 1928 முதல் 1961 வரை கட்ட மாதிரிகளை வெளியிட்டு வந்தது. நாட்டுப்புறத்துப் பெண்கள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்ததோடு நில்லாமல், தங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த மாதிரிகளை அந்தப் பத்திரிகைக்கு எழுதியும் அனுப்பினார்கள். தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இந்த ஆர்வத்தை ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

முதல் மாதத்துக் கட்டம் ஒன்பது சதுரங்களால் ஆனது. தைத்து முடிந்த நிலையில் ஒவ்வொன்றும் 4 அங்குலம். வெட்டும்போதோ நாலரை அங்குலம் வேண்டும், ஏனெனில் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். பழைய நாட்காட்டி அட்டையில் 4 அங்குலச் சதுரம் ஒன்றை நறுக்கி, துணியின் மறுபக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டுக் கத்தரிக்கிறார் அண்ணி. இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து, மூலைக்கு மூலை குண்டூசி குத்தி, திருப்பிப் பார்த்து, ஊசி அந்தப் பக்கத்திலும் கோட்டின் மேலேயே தலை நீட்டுகிறதா என்று சோதித்த பிறகே நூல் கோக்கிறார். நூல் முழங்கை நீளத்துக்கு மேற்பட்டால் முறுக்கிக்கொள்ளும். பொடிப்பொடியாக ஓட்டுத்தையல், நாலைந்துக்கு ஒருமுறை ஒரு கெட்டித்தையல். கோடு முடியும் இடத்தில் தையலையும் முடித்துவிட வேண்டும். ஆசைப்பட்டு ஓரம்வரை ஓட்டிவிட்டால் அடுத்த வரிசையைச் சேர்க்கும்போது மூலை மடங்காமல் முரண்டு பிடிக்கும். தைத்த ஓரத்தை அடர்ந்த நிறத்துணியின் பக்கமாகச் சாய்த்துத் தேய்ப்பது விசேஷ விதி. வெளிர் நிறத்தின் அடியில் சாய்த்தால் மேலே நிழல் தட்டும்.

துணிக்காக அவர் கடைக்குப் போகவில்லை. மகள் ஆரம்பப்பள்ளியில் அணிந்த கருநீலப் பினஃபோர், அண்ணனின் வெளுத்த கைலி, முழங்கையில் கிழிந்த பாத்திக் சட்டை, வாயில் சேலைகள் ஆகியவையே மூலதனம். அளவாக வெட்டிப் பொட்டலம் கட்டிய துண்டுகள் இக்காலத்தில் கடையில் கிடைக்கின்றன என்பது மெய்தான். ஆனால் யாரும் உடுத்தியிராத துணியைத் துண்டு போட்டு ஒட்டுவதில் என் மனம் செல்லவில்லை.

விடிவதற்கு முன் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அண்ணனுக்குப் பசியாறக் கொடுத்து, சந்தைக்குப் போய்வந்து, என் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்து வைத்து, சமையலை இறக்கி, துணி துவைத்து, பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளை மறுபடியும் டியூசனுக்குக் காரில் ஏற்றிச்சென்று, அந்த வாசலில் காத்திருக்கும் அரைமணி நேரத்தில்தான் அண்ணியின் ஒரு சதுரம் இன்னொரு சதுரத்தோடு சேர்கிறது. தையல் இயந்திரமானால் மேசை ஒழிய வேண்டும், மின்சாரம் வேண்டும், ஒரே இடத்தில் உட்காரும் பாக்கியமும் வேண்டும். கைத்தையலுக்கு மடி ஒன்று போதும், எந்த க்ஷணத்திலும் கீழே வைத்துவிட்டு எழலாம். கல்லுமலை முருகன் கோயில் தைப்பூசத்துக்கு உறவினர் வந்து இறங்கிய வாரத்தில் ஊசி டின்னை விட்டு வெளியே வரவேயில்லை. இயந்திரத்தில் ஒரு வாரத்தில் முடியக்கூடியதை ஓராண்டுக்கு இழுப்பானேன் என்று கேட்பவர்கள், ஒரு வாரத்தை முழுதாகத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய இல்லத்தரசியை எனக்குக் காட்டட்டும்.

இவ்வளவையும் நாற்காலியில் இருந்தபடி கவனித்து வந்த என் தாயார் ஒருநாள் வாய் திறந்தார்.

"ஏம்மா, நல்லா இருக்கிற துணிய வெட்டிட்டு மறுபடி ஒட்டிக்கிட்டு இருக்கியே, இதுக்கு என்னா கூலி?"

"கூலியெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை, ஒரு ஆசைதான்."

"எங்க லயத்துல கிழிஞ்சாத்தான் ஒட்டுவோம். முந்தானை கெட்டியா இருக்கும், நடுத்துணிதான் மொதல்ல போவும். கொண்டா இங்க."

வாங்கிப் பார்த்தவர் ஒரு மூலையை விரலால் நீவி, தையலைக் குறை சொல்ல முடியாத ஏமாற்றத்தோடு திருப்பித் தந்தார். பிறகு அவராகவே சொன்ன விவரம் இது. தாயார் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் குறையும் என்பதால் இருட்டிலேயே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நின்று, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, தமக்குரிய மரவரிசையான நிரைக்குப் போக வேண்டும். பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பின்பு மிஞ்சிய பகல்பொழுதில், லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசைவீடுகளின் வாசலில் நாலைந்து பெண்கள் சேர்ந்து தைப்பார்களாம். வேலைக்கு உடுத்திய துணியில் ரப்பர்ப்பால் காய்ந்து கறுத்துக் கெட்டியாகிவிடும்; எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. ஆகவே கறைபடாத முதுகுப்பகுதியையும் முந்தானையையும் மட்டும் பிரித்தெடுத்து, மடித்த பழஞ்சேலையின் மேல் வைத்து, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்களாம். கர்நாடகத்து வடகன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்களும் 'கவண்டி' என்னும் போர்வையை இதே விதமாக ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, தாயார் அதில் அதிசயம் ஒன்றையும் காணவில்லை.

கந்தலுக்கும் பஞ்சம் வந்த காலம் ஒன்றுண்டு. ஜப்பானியர் ஆட்சியில் துணி இறக்குமதி அற்றுப்போய், தோட்டத்து ஜனங்கள் கோணிச்சாக்கை உடுத்தும் நிலைக்கு வந்தார்கள். அதே ஆட்சியில் 1942-இல், சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் சுமார் 400 ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் அடைபட்டிருந்தார்கள். மலாயாவிலிருந்து ஓடிவந்து அகப்பட்ட, நம் மக்கள் துரைசானியம்மா என்று அழைத்த தோட்டத்துரைமாரின் மனைவியரும் அவர்களில் இருந்தனர். முதலில் சிறையிலிருந்த சாரணச் சிறுமியர் சுமார் 20 பேர், தங்கள் தலைவி எலிசபெத் எனிஸ் அம்மையாருக்குப் பரிசளிப்பதற்காகக் கிடைத்த துணித்துணுக்குகளை அறுகோணமாக வெட்டி ஒரு போர்வை தைத்தார்கள். அதன் பிறகு எதெல் மல்வனி என்ற கனடா நாட்டு மாது, பெண்களுக்கு ஆளுக்கொரு 6 அங்குலச் சதுரத்துணி கொடுத்து, மனத்தில் உள்ளதை அதில் தைத்துத் தம் பெயரையும் எழுதச் சொன்னார். ஒரு போர்வைக்கு 66 சதுரமாக மூன்று போர்வைகள் உருவாயின. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியக் காயம்பட்டோருக்கு ஒவ்வொன்று என்று மூன்றையும் சமமாகப் பங்கிட்ட சாமர்த்தியத்தினால் சிறை அதிகாரியின் அனுமதி கிட்டியது. மனைவி உயிரோடிருக்கிறாளா என்று அறிய வழியின்றித் தவித்த கைதிகளுக்குப் போர்வையில் இருந்த அந்தப் பெயரே கடிதமாயிற்று. ஜப்பானியருக்கான போர்வையில் ஆண்டு ஜப்பானியக் கணக்குப்படி 2602 என்று தைக்கப்பட்டிருக்கிறது. துவைக்காமல் உலர்சலவை செய்வது நலம் என்ற குறிப்பும் உண்டு. சிறைக்குள்ளும் குடும்பஸ்திரீ குடும்பஸ்திரீதான்! அந்த மூன்றில் இரண்டு இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. மூன்றாவது லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. சிறுமியரின் போர்வையை அந்நகரின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் காத்து வருகிறது.

துரைசானியின் சதுரம் கண்ணாடிக்குள் இருக்கிறது. அவர் கணவரின் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவளுடைய போர்வை எங்கே? மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது லயங்களில் எஞ்சிய பெண்கள் எதைப் போர்த்திப் பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள்? அந்தப் போர்வைகள் உழைத்துத் தேய்ந்து, கரித்துணியாகி, அடுப்படியில் முடிந்திருக்கும். எஞ்சியவற்றையும் பின்னர் வந்த மாறுதல்கள் விட்டுவைக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டியது சரித்திரம். எனினும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிந்து, ஜனங்கள் பட்டணம் பெயர்ந்தபோது, மூட்டையில் இடம்பெறத் தகுந்த பொருளாக அந்த ஒட்டுப்போர்வையை எவரும் கருதவில்லை. வறுமையின் அடையாளமாக அதைக் கண்டு கூசினோம் என்பதே என் அபிப்பிராயம்.

கூச வேண்டிய அவசியமில்லை என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளைப் பிரித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும், தைத்தவரின் பெயரோடு ஓவியங்களுக்குரிய மரியாதையுடன் சுவரில் தொங்கின. 2006-இல் அவற்றுள் பத்து அந்நாட்டின் அஞ்சல்தலைகளாயின.

பேராக்கிலோ வேறு மாநிலத்திலோ உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் பாட்டி தைத்த போர்வை ஒன்று கிடக்குமானால், அதை மிதியடிக்குப் போட்டுவிடாதீர்கள். நிழலில் உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துண்டொன்றில் தைத்தவரின் பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றைச் சங்கிலித்தையலால் எழுதி, பின்புறத்து மூலையில் சேர்த்துத் தைத்துவிடுங்கள். பேனா மை சலவைக்கு நிற்காது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் நினைவில்லாவிட்டால், நம் ஜனங்கள் அதற்கு வழங்கிய தமிழ்ப் பெயரையே எழுதுங்கள்.