குவாய் நொய் ஆற்றங்கரையில் ஒரு மரப்பாலம்

கித்துள்கலையிலே களனி கங்கைமீது மரப்பாலமொன்றைக் கட்டி, 1957 ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்த்த கதையை நம்மவர் பலர் அறிவர். அது திரைப்படத்துக்கென எழுந்த பாலம். அப்படம் கூறும் சீயப் புகையிரதப் பாதையில், இன்றும் வண்டியைத் தாங்கி நிற்கும் மெய்யான மரப்பாலமொன்றைத் தாய்லாந்திற் கண்டு வந்தேன்.

காஞ்சனபுரியிலிருந்து நாம் தொக் செல்லும் வண்டியில் இடப்புறச் சாளரத்தருகே அமர்ந்திருந்தேன். வாங் போவை அண்மியதும் வண்டி ஆமைபோல் ஊரலாயிற்று. வலப்புறம் செங்குத்தான பாறை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இடப்புறம், நெடுங்கீழே ஆறு. இடையில் நிலமே இல்லை. இது ஆற்றைக் கடக்கும் பாலமன்று. பாறையைத் தழுவி, ஆற்றோரமாகவே வளைந்து செல்வது. குறுக்கும் நெடுக்குமாய்ப் பிணைத்த மரங்கள் எங்கள் பாரத்தில் முனகின.

பாலத்தின் முடிவிலுள்ள தரிப்பிடத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். பழுதுற்ற மரங்களை மாற்றியிருக்கிறார்கள். அடியிற் கொங்கிறீற்றும் இட்டிருக்கிறார்கள். ஆயினும் 1943 இல் யப்பானியரின் போர்க்கைதிகள் கட்டிய அமைப்பு அப்படியே இருக்கிறது.

பாதையின் முழு நீளம் 415 கிலோமீற்றர். அதில் உழைத்த கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். மாண்டவர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் மிகப் பலர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் மட்டுமே பல்லாயிரவர். கூலி தருவோமென்று சிலரை அழைத்தார்கள். பலரைப் பிடித்தே ஏற்றினார்கள். மழைக்காலத்து வாந்திபேதியில் கூலிக்குடில்கள் வெறுமையாயின. கைதிகளிடையே வைத்தியர் இருந்தனர், பெயர்ப்பட்டியலும் இருந்தது. இவர்களுக்கு இரண்டுமில்லை. திரைப்படத்திலும் இவர்களைத் தேடவேண்டியதில்லை.

என் பாட்டனார் மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்தவர். ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியபின் ஈப்போவைப் பற்றியும் கோலாலம்பூரைப் பற்றியும் ஓயாது பேசுவார். சீயப் பாதையென்றால் மட்டும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். சிறுவனாகிய எனக்கு அது வேடிக்கையாயிருந்தது.

மாலையிற் காஞ்சனபுரி மீண்டு, போர்வீரர் மயானத்துக்குச் சென்றேன். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, வயது. வெட்டிய புல். அங்கிருந்து, 2023 இல் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டப்பட்ட பௌத்த விகாரைக்கு நடந்தேன். வீழ்ந்தவனின் பெயரை நடுகல்லிற் பொறிப்பது பழந்தமிழர் வழக்கம். பொறிப்பதற்கு இவர்களின் பெயர்களை யாரிடம் கேட்பது? பாட்டனாரிடம் கேட்டிருக்கலாம், ஒன்றிரண்டு பெயராவது அவர் அறிந்திருப்பார்.